முதல் அடியைப் பார்த்தவருக்கு

விளையாட்டு வீரர்களின் காயங்களுக்கென்றே இயங்கும் நம் மருத்துவமனையில், இயன்முறை மருத்துவப் பிரிவைத் தலைமையேற்று நடத்தி இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மூத்த மருத்துவர் அம்மையாருக்கு, உடன் பணிபுரிந்தோர் அன்போடு வாசித்தளிக்கும் மடல்.

குதிகால் காத்த குணக்குன்றே! நொண்டி வந்தோரை நிமிர்ந்து நடக்க வைத்த நல்லவரே! பொறுமையைப் பாடமாகவும் பெஞ்சைப் பள்ளியாகவும் ஆக்கிய பெருந்தகையே! வணக்கம்.

இவ்வளவு அடைமொழி போதும் என்று தாங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சட்டம் போட்டு மாட்டப்போகும் மடலில் இதுவாவது வேண்டும் என்று நிர்வாக அதிகாரி ஒற்றைக்காலில் நின்றார். மடல் சற்று நீளம். வாசித்து முடியும் வரை மேடை நாற்காலியில் அமர்ந்தே கேட்க வேண்டுகிறோம். நடுவில் எழுந்து மைக்கைச் சரிசெய்ய வர வேண்டாம். அதற்கு ஆள் இருக்கிறார்.

ஓடுபவர், தாண்டுபவர், பந்து உதைப்பவர் என்று யார் வந்தாலும், குதிகால் வலி என்றால் தாங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "காலையில எழுந்ததும் முதல் அடி எப்படி இருக்கு?" இந்த வலி உள்ளவர்களுக்கு, குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டை, ஓய்வில் இறுகிக் கிடந்து, எழுந்து மிதித்ததும் இழுபட்டு, ஆணி ஏறியது போல வலிக்கும், கொஞ்சம் நடந்தால் அடங்கிவிடும். வரவேற்பாளர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு, தொலைபேசியில் கூப்பிட்ட ஒருவரிடம், "காலையில முதல் அடி எப்படிங்க, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர், "எங்க வீட்டுக்காரி கை ஓங்கற ஆளு இல்லீங்க" என்றார், மனைவியை விட்டுக்கொடுக்காமல்.

தங்களின் இன்னொரு வாசகம், "கொஞ்சம் உக்காருங்க." வீரர்கள் அதையே தங்களுக்குப் பட்டப்பெயராக்கி, 'உக்காருங்க மேடம்' என்று அழைத்தார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தவரையும் சிகிச்சை அறைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தாங்கள் உள்ளே துண்டுகளை மடித்துக்கொண்டிருப்பீர்கள். "வேணும்னே காக்க வெக்கறாங்கன்னு வெளில பேச்சு அடிபடுது" என்று நிர்வாக அதிகாரி குறைப்பட்டார். தாங்கள் சிரித்ததோடு சரி, காரணம் சொல்லவில்லை.

காரணத்தை எங்களுக்குக் காட்டியவர் ஓர் ஓட்டக்காரி. இப்போது இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். சொல்லச் சொல்லி அவரே அனுமதி தந்தார்.

அணித் தேர்வு நெருங்கியிருந்தது. அதில் ஓடினால்தான் அணியில் இடம், மருத்துவமனையின் சம்மதம் இருந்தால்தான் ஓட்டம். வலியை எப்படி மறைப்பது என்று அவர் யோசித்து வைத்திருந்தார். தெருமுனையில் இறங்கி, மருத்துவமனை வாசல் வரை மெல்ல ஓடிவந்தார். பாதம் சூடேறிவிட்டது, வலி ஓடி ஒளிந்துகொண்டது. உள்ளே கம்பீரமாக நடந்துவந்து, "சுத்தமா வலியே இல்ல மேடம்" என்றார். கூட வந்த பயிற்சியாளரும் தலையாட்டினார்.

"அப்படியா, சந்தோஷம். கொஞ்சம் உக்காருங்க" என்றீர்கள்.

அவர் உட்கார்ந்தார். சுவரில் ஒட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார். பாதம் ஆறிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்து காலை ஊன்றியவர், குதிகாலைத் தரையில் வைக்க முடியாமல் அப்படியே முன்பாதத்தில் ஏறிக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இந்த ஒரு ரேஸ் மட்டும் ஓடிட்டு வரட்டும் மேடம்" என்று பயிற்சியாளர் கெஞ்சினார்.

"ஓடலாம். அப்புறம் நடக்கறதுக்கு என்கிட்டதான் வரணும்."

ஓட்டக்காரி அந்தத் தேர்வில் ஓடவில்லை. அழுதார், தங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமலே சிகிச்சைக்கு வந்து போனார். கெண்டைக்காலை நீட்டினார், விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துப் படியில் நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்கினார், ஓட்டத்துக்குப் பதில் நீந்தினார். மாதக்கணக்கில் ஆனது. அடுத்த பருவத்தில் அணிக்குள் வந்தார். பதக்கம் வரவில்லை, வலியும் வரவில்லை. தங்கள் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று அவருக்கே நினைவில்லை.

அம்மையீர், இனி நாங்கள் சொல்லப்போவது பாராட்டு அல்ல.

சில காலமாகத் தாங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போது விளிம்பைப் பிடித்துக்கொள்கிறீர்கள். எழுவதற்கு முன் மேசைக்கடியில் கணுக்காலைச் சுழற்றிக்கொள்கிறீர்கள். கேட்டால், "ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு" என்கிறீர்கள். சிமெண்டுத் தரையில் நாளெல்லாம் நின்ற கால் என்ன சொல்லும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே தாங்கள்தான். முன்வரிசையில் இருக்கும் தங்கள் கணவரும் எங்களுக்கு உடந்தை. "காலையில சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறா. கேட்டா தூக்கக் கலக்கம்ங்கறா" என்று எங்களிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். ஓய்வுக்குப் பின் அவரோடு மலைப்பாதைகளில் நடக்கப் போவதாகத் தாங்கள் ஆசையாகச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். இந்தக் காலோடு அது நடக்காது. இன்றோடு தாங்கள் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவீர்கள். பிறகு தங்களைப் பிடிக்க ஆளில்லை. எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

அதனால்தான் இந்த மடலை இவ்வளவு நீட்டி எழுதினோம். அதற்கு முன் நிர்வாக அதிகாரியை நீளமாகப் பேசவும் வைத்தோம். அதில் சிரமம் இருக்கவில்லை. தாங்கள் அந்த மெத்தை நாற்காலியில் வெகுநேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நலமும் வளமும் நிறைந்து, நினைத்த பாதையெல்லாம் நடந்து, நெடுநாள் தாங்கள் வாழ வேண்டும். நாளைக் காலை சிகிச்சைக்கு வாருங்கள். துண்டு மடித்து வைத்திருக்கிறோம். கொஞ்சம் உட்கார வைப்போம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தச் சட்டத்தைப் பெற்றுக்கொள்ள எழுந்து வாருங்கள், மேடம். கணுக்காலைச் சுழற்ற வேண்டாம். தங்கள் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

மாறா அன்புடன்,
முதல் அடிக்காகக் காத்திருக்கும்
இயன்முறைப் பிரிவுப் பணியாளர்கள்