மஞ்சள் ஏப்ரன்

மீன் வாடை முதல் வாரம்தான் தெரியும், மேடம். அப்புறம் நம் கை நமக்கே மணக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காரும்போதுதான் ஞாபகம் வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பள்ளி முடித்துக் கல்லூரியில் சேருமுன் ஒரு வருடம் வேறு நாட்டில், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்குகிற ஏற்பாட்டில்தான் வந்தேன். அவர்கள் மகளும் அதேபோல் இன்னொரு நாட்டுக்குப் போயிருந்தாள். காலியாக இருந்த அவள் அறையை எனக்குக் கொடுத்தார்கள். வந்த அன்றே அந்த வீட்டு அம்மா என் பெட்டியைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "இங்க இருக்கற வரைக்கும் நான்தான் உனக்கு அம்மா. ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்பிட்ட, சோறு கிடையாது, ஆமா" என்றாள். அப்படிக் கூப்பிடச் சொன்னது அவள்தான். நானாகப் போய் ஒட்டிக்கொள்ளவில்லை.

என்னைப் பெற்ற தாய் மறுமணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார். எப்போதாவது போன் செய்து, "எல்லாம் ஓகேதானே?" என்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

வீட்டுக்கு முன்னால் மீன் கடை. கடைக்குப் பின்னால் உறைந்த மீன் வைக்கும் குளிர் அறை. அதன் கதவில் உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்துபோனது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தால் உள்ளே இருப்பவர் திறக்க வழியில்லை. ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த வீட்டு அப்பா சொல்வார். "கூப்பிட்டுக் கிழிச்சீங்க" என்பாள் அம்மா. அதோடு சரி. அவர்களுக்கு அவசரமில்லை, ஏனென்றால் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே போகிறவர் கதவை ஒருக்களித்து வைத்து, தன் ஏப்ரனைக் கழற்றி வெளியே கொக்கியில் மாட்டி, அங்கே தொங்கும் தடிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கொக்கியில் ஏப்ரன் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இல்லையென்றால் பூட்டலாம். அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குப் பச்சை. முதல் வாரமே எனக்கு மஞ்சளைக் கட்டிவிட்டு, "இப்ப நீயும் எங்க வீட்டு ஆளு" என்றாள் அம்மா. அன்று கழிவறையில் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மகள் திரும்பி வந்த மறுநாள், "அது என்னோடது" என்று என் இடுப்பிலிருந்தே முடிச்சை அவிழ்த்தாள். சிரித்துக்கொண்டுதான் செய்தாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வாடிக்கையாளர் யாராவது உள்ளே வந்தால் கொடுக்கிற பிளாஸ்டிக் ஏப்ரனைக் கொடுத்தார்கள். அறையும் மாறியது, மாடியில் காலிப் பெட்டிகளோடு. சாப்பிடும்போதெல்லாம், "நீ எப்போ ஊருக்குக் கிளம்புற?" என்பாள். ஒரு தடவை கேட்டால் அக்கறை. வேளாவேளைக்குக் கேட்டால் அதற்கு என்ன பெயர்?

இங்கேயே தங்கிப் படிக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "விருந்தாளியா வந்த, சந்தோஷமா இருந்த, சந்தோஷமாப் போயிட்டு வா. உன்னைப் பெத்தவங்க தேடுவாங்கல்ல?" என்றாள். அவளை ஒன்றும் சொல்ல மாட்டேன். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு மனதில் இருப்பதை எப்படிச் சொல்வாள்?

அந்தச் சனிக்கிழமை அரை நாள் கடை. இனி திங்கள்தான் திறப்பார்கள். மூடுகிற நேரத்தில் பெட்டிகளை அடுக்க மகள் உள்ளே போனாள். நொடியில் முடிகிற வேலை என்று கோட்டைப் போடாமலே போனாள். கோட் அங்கேயேதான் தொங்கியது. இதை அவள் தவறு என்று நான் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மஞ்சள் ஏப்ரன் கொக்கியில் இருந்தது. எடுத்துக் கட்டிக்கொண்டேன். எனக்குக் கொடுத்ததுதானே அது.

அப்பா சாவியோடு வந்தார். நான் முதுகு காட்டி நின்று மேஜையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "கதவை யாரு சாத்தாம விட்டது? கரண்டு பில்லை உன் மாமனாரா கட்டுவாரு?" என்று முணுமுணுத்தபடி கொக்கியைப் பார்த்தார். அறைக்குள் பார்க்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அறைக்குள் பார்ப்பதில்லை. தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினார். "வா கண்ணு, போலாம்" என்றார்.

கண்ணு என்று மகளைத்தான் கூப்பிடுவார். என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நான் திரும்பினேன். "அட, நீயா? அவ எங்க?" என்றார். சாவி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிட்டாப்பா. ரெண்டு நாள் அங்கதான் இருப்பாளாம்" என்றேன்.

"சொல்லிட்டுப் போனா வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்ததிலிருந்து அவள் அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் போவாள், வருவாள். அதனால் யாரும் பதறவில்லை. அவள் போன் கல்லாப்பெட்டி அருகே சார்ஜில் இருந்தது. மணியடித்து அம்மாவுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அணைத்து என் பையில் வைத்தேன்.

தட்டுகிற சத்தம் கேட்டதா என்று நேற்று கேட்டீர்கள். துணி காயப்போடப் பின்பக்கம் போனபோது கேட்டது. மெஷின் சத்தம் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஞாயிறு முழுக்க அம்மா என்னோடு இருந்தாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். மகளுக்கு நாலைந்து தடவை போன் போட்டுப் பார்த்துவிட்டு, "போனை ஆஃப் பண்ணி வச்சிருக்கா பாரு, திமிரு" என்று வைத்துவிட்டாள். பிறகு இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து டிவி பார்த்தோம். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு நாள் இருந்ததில்லை, மேடம்.

திங்கள் காலை கதவைத் திறந்தவர் அப்பாதான். சனிக்கிழமை பூட்டியதும் அவர்தான். அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை என்று சொன்னீர்கள். பாவம், நல்ல மனிதர். அவர்மேல் பழி வரக்கூடாது என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன். உள்ளே அவள் இருப்பது எனக்குத் தெரியும். ஏப்ரனை எடுத்தால் அவர் பூட்டுவார் என்பதும் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அம்மா என்னைப் பார்க்க வர மறுக்கிறாள் என்கிறீர்கள். அழுது முடிக்கட்டும், வருவாள். என்னை விட்டால் அவளுக்கு இப்போது வேறு பெண் ஏது?