நுரை வந்தா அழுக்கு போகுதுன்னு அர்த்தம்

மழையாம் மேஸ்திரி, மழை! ஆபீஸ்ல எழுதியே குடுத்திருக்காரு அந்த வாட்ச்மேன். "கல்லுல இருந்த பேரு மழையில கரைஞ்சு போச்சு"ன்னு. நீங்க கல்லுல எழுத்து வெட்டறவரு, நீங்களே சொல்லுங்க, பேரு எங்கயாவது மழையில கரையுமா? அது என்ன சக்கரையா? இந்தக் கல்லறைத் தோட்டத்துல முந்நூறு கல்லு நிக்குது. எங்க மாமியார் எந்த வரிசையில இருக்காங்கன்னு விலாசம் விசாரிச்சுட்டா வந்து பெய்யுது மழை?

உக்காருங்க. அந்த மேடையில உக்காருங்க, அது யாரோட கல்லறையும் இல்ல, குழாயடி. பையில என்ன, மாதிரிக்கு வெள்ளைச் சலவைக்கல்லா? காலையில அறுத்ததா? நல்லது, அப்புறம் காட்டுங்க. மொதல்ல இதப் பாருங்க. கிட்ட வந்து பாருங்க. இந்த வெள்ளைக் கல்லுலதான் எங்க மாமியார் பேரு இருந்துச்சு. இப்ப தடவிப் பார்த்தாத்தான் இருந்ததே தெரியும். பொறந்த வருஷம் போச்சு. செத்த வருஷத்துல ஒரு ரெண்டு மட்டும் நிக்குது. ஆனா கீழ, பீடத்துல, அந்தக் கருப்புக் கல்லுல... ஆமா, சத்தமா படிங்க. "அன்பு மருமகள் வைத்த கல்." அது மட்டும் நேத்து வெட்டின மாதிரி பளிச்சுன்னு! யாருக்கு வச்சதுன்னு இல்ல, வச்சவ மட்டும் இருக்கா!

ஞாயித்துக்கிழமை என் நாத்தனார் வர்றா. வந்து இதப் பார்த்தா சும்மா இருப்பாளா? "எங்கம்மாவ அழிச்சுட்டு உன் பெருமைய மட்டும் வச்சுக்கிட்டியா அண்ணி"ன்னு ஒரு கேள்வி கேப்பா. அந்த ஒரு கேள்விக்காகத்தான் உங்கள இவ்வளவு அவசரமா வரச் சொன்னேன்.

நான் அழிக்கற ஆளா மேஸ்திரி? முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்ல. நான் பாத்திரம் தேய்ச்சுக் கவுத்தி வச்சா, அவங்க வந்து ஒண்ண எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பார்த்துட்டு திரும்பத் தொட்டியில போடுவாங்க. "டங்". அவ்வளவுதான். அந்த டங் இன்னிக்கும் என் காதுல இருக்கு. அதனாலதான் இந்தக் கல்லுல ஒரு பாசி, ஒரு காக்கா எச்சம் இருக்க விடறதில்ல. வாராவாரம், ஆறு வருஷமா. "பாட்டிய உயிரோட இருந்தப்பகூட நீ இப்படித் தேய்ச்சுக் குளிப்பாட்டலியேம்மா"ன்னு என் பொண்ணு கேலி பண்றா. பண்ணட்டும்.

எதுல விட்டேன்? ஆங், வாட்ச்மேன். நான் குழாயத் திறந்தாப் போதும், பின்னாடியே வந்து நிப்பாரு. "அம்மா, வெறும் தண்ணி போதும்மா. மெத்துத் துணியால தொடச்சாப் போதும்மா." போதும்மா, போதும்மா, போதும்மா! வேலை செய்யறவளப் பார்த்தா வேலை செய்யாதவருக்கு உறுத்தாதா? போன மாசம் என்ன பண்ணினாரு தெரியுமா? நான் கழுவறதுக்கு வச்சிருந்த பாட்டிலயே எடுத்து ஒளிச்சு வச்சுட்டாரு! திட்டித் திருப்பி வாங்கினேன். அந்தக் கோவத்துலதான் ஆளில்லாத நேரமாப் பார்த்து எழுத்தச் சுரண்டியிருக்காரு.

நானா சொல்லல, கண்ணால பாருங்க. பக்கத்துல இது டீச்சரம்மா கல்லு. பிள்ளைங்க எல்லாம் தூர தேசத்துல, எட்டிப் பாக்க ஆளில்ல. பாவமேன்னு அதையும் நான்தான் கழுவறேன். அதுலயும் பேரக் காணோம்! இந்தப் பக்கம் பஸ் டிரைவர் கல்லு. ஒரு மனுஷன் தொட்டதில்ல, பச்சப் பசேல்னு பாசி. ஆனா எழுத்து ஒவ்வொண்ணும் கொட்டை கொட்டையா நிக்குது. யாரும் தொடாத கல்லு நல்லா இருக்கு, நான் தொட்ட ரெண்டு கல்லு மட்டும் போச்சு. என்மேல இருக்கற வன்மத்துக்கு இதவிட என்ன சாட்சி வேணும், சொல்லுங்க?

மூணு பக்கம் புகார் எழுதிக் குடுத்தேன். இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை. வேலைய விட்டு நிறுத்திடுவாங்களாம். கேட்டுக்குப் பின்னாடி அவரு குடியிருக்கற ரூமையும் காலி பண்ணணுமாம். சம்சாரம் படுத்த படுக்கை... பாவந்தான், இல்லேங்கல. நேத்து சாயங்காலம் பிரார்த்தனையில அவருக்காகவும் வேண்டிக்கிட்டேன். மனசார மன்னிச்சுட்டேன் மேஸ்திரி. மன்னிச்சுட்டு, விட்டுப்போனது கொஞ்சம் இருந்துச்சு, நாலாவது பக்கமும் எழுதிட்டேன்.

ஏன் அந்த பீடத்தையே பாக்கறீங்க? எதுல கழுவுவேன்னா கேக்கறீங்க? அப்படிக் கேளுங்க! நீங்க புதுசா எழுத்து வெட்டிக் குடுத்தா எப்படிப் பாத்துக்குவேன்னு கண்ணால பாத்துட்டுப் போங்க. இதோ, பாத்ரூம் கழுவற ஆசிட்தான். எங்க வீட்டுத் தரையெல்லாம் இதுலதான் மின்னும். ஒரு மூடி. மூக்கப் பொத்திக்கோங்க, நெடி ஏறும். ஊத்தறேன்... பாத்தீங்களா! உஸ்ஸுன்னு எப்படி நுரை பொங்குது! நுரை வந்தா அழுக்கு போகுதுன்னு அர்த்தம். அப்புறம் கம்பி பிரஷ்ஷால நாலு தேய்ப்பு. ஆறு வருஷமா வாராவாரம் ஊத்தறேன், ஒரு வாரமாவது நுரை வராம இருந்திருக்கா? அவ்வளவு அழுக்கு!

என்ன, எந்திரிச்சுட்டீங்க? பாட்டில எதுக்கு வாங்கறீங்க? அட, உங்க மாதிரிக் கல்லு மேல ஏன் ஊத்தறீங்க? அது புதுசாச்சே! காலையில அறுத்த கல்லுல ஏது அழு...

நுரைக்குது.

தண்ணி ஊத்திக் கழுவுங்க. தொடச்சுட்டு இன்னொரு தடவை ஊத்துங்க... ம்.

இந்தக் கருப்புக் கல்லுல ஊத்துங்க, பாப்போம்... வரல. ஆமா, இதுல எப்பவுமே வராது. அழுக்கில்லாத கல்லுன்னு நினைச்சு நான் இதத் தேய்க்கறதே இல்ல.

அப்ப அந்த நுரை... கல்லா? கல்லுதான் கரைஞ்சு வருதா?

ஆறு வருஷமா நான் கழுவினது அழுக்க இல்ல மேஸ்திரி. அவங்களத்தான்.

கடவுளே, டீச்சரம்மா வேற.

இருங்க, இருங்க. அந்த மனுஷனுக்குத் தெரியும். பாட்டில ஒளிச்சு வச்சவருக்குத் தெரியாம இருக்குமா? "அந்தம்மாதான் ஆசிட் ஊத்துச்சு"ன்னு ஆபீஸ்ல ஒரு வரி எழுதியிருந்தாப் போதும். வேலையும் இருக்கும், ரூமும் இருக்கும். நாலு பக்கம் நான் அவரப் பத்தி எழுதியிருக்கேன்... அவரு என்னப் பத்தி ஒரு வரி எழுதல. மழைன்னு எழுதியிருக்காரு.

மழையாம்.

மணி என்ன? மூணே முக்காலா! என் செருப்பு எங்க? பாட்டில இப்படிக் குடுங்க, அது என்கிட்டயே இருக்கட்டும், அங்க காட்டணுமில்ல. நீங்க அளவு எடுங்க. டீச்சரம்மா கல்லுக்கும் சேர்த்தே எடுங்க. எழுத்து நல்லா ஆழமா இருக்கட்டும்... இல்ல இல்ல, இனிமே துணிதான், வெறும் தண்ணிதான்!

மேஸ்திரி, ஒண்ணே ஒண்ணு. ஆபீஸ்ல நான் உள்ளத உள்ளபடி சொல்லிடறேன். ஆனா ஞாயித்துக்கிழமை நாத்தனார் வந்து கேட்டா... அவகிட்ட மட்டும் மழைன்னே வச்சுக்கலாமா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? பாத்திரத்த வெளிச்சத்துல தூக்கிப் பாக்கற மாதிரி!

சரி, சரி. போட்டுறாதீங்க தொட்டியில. அவகிட்டயும் சொல்றேன்.