ஈயக் குண்டை ஏன் எடுத்தேன்

ஈயம் உருக்குவது பால் காய்ச்சுவதைப் போலத்தான் ஐயா. பக்கத்திலேயே நிற்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. மேலே படிகிற அழுக்கை ஒதுக்கிவிட்டு அச்சில் ஊற்றினால் ஆறுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. உருக்குகிற கரண்டியை என் மனைவி கமலா அடுப்பங்கரைக்குள் விடமாட்டாள். மாட்டுக்கொட்டகையில் செருகி வைத்திருந்தேன். நேற்று உங்கள் ஏட்டு எடுத்துக்கொண்டு வந்தது அதைத்தான்.

நீங்கள் நேற்றிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். மலையில் செத்துக் கிடந்த செல்லியம்மாள் உடம்பில், தொடையில் நான்கு சைக்கிள் பால்ரஸ் உருண்டை, நெஞ்சில் ஒரு ஈயக் குண்டு. ஒரே துப்பாக்கி, ஒரே ஆள். குண்டு ஏன் இரண்டு வகை? நேற்று பாதிதான் சொன்னேன். இன்று முழுதும் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ராஜாங்கம். மலையடிவாரத்தில் ஆறு ஏக்கர். மரவள்ளியும் கரும்பும் போடுகிறேன். பன்றி விரட்ட அப்பா காலத்தில் லைசென்ஸ் எடுத்த துப்பாக்கி அது. குழாய் வாய் வழியாக வெடிமருந்து போட்டு, நார் வைத்து, கம்பியால் இடித்து, அதன் மேல் குண்டு போட்டு, மறுபடி நார் வைத்து இடித்துத்தான் சுட வேண்டும். ஒரு முறை சுட்டால் அடுத்த வெடிக்கு மூன்று நான்கு நிமிஷம் ஆகும். கை நடுங்கினால் இன்னும் கூடும்.

குண்டு விஷயத்தில் ஆளுக்கு ஒரு பழக்கம். முயலுக்கும் காடைக்கும் பொடி ரவை போதும். மானுக்கு மலையில் எல்லோரும் போடுவது சைக்கிள் பால்ரஸ்தான். ஐந்தாறு போட்டால் பரவிப் போகும், குறி கொஞ்சம் தப்பினாலும் ஒன்றிரண்டு படும். ஆனால் மான் விழாது. காயத்தோடு ஓடிப்போய், புதருக்குள் படுத்து, புழு வைத்து, நாலு நாள் கழித்துச் சாகும். எனக்கு அது பிடிக்காது. ஒற்றை ஈயக் குண்டு என்றால் நின்ற இடத்திலேயே விழும். மணலூர்பேட்டையில் ஆற்றில் வலை வீசுகிறவர்களிடம் வலை ஈயம் வாங்கி நானே ஊற்றிக்கொள்வேன். மலை முழுதும் தேடினாலும் ஈயக் குண்டு போடுகிற ஆள் நான் ஒருவன்தான். அதை வைத்துத்தான் நீங்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள்.

நான் பயந்த சுபாவக்காரன் ஐயா. மானைச் சுட்டால் ஜெயில் என்று சட்டம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் சித்தப்பா மகன் கந்தசாமி முந்தைய வருஷம் மான்கறியோடு பிடிபட்டு ஜெயிலுக்குப் போய் வந்தான். அதன் பிறகு அவன் மகளைப் பெண் கேட்டு ஒருத்தரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் வீட்டிலும் பெண் இருக்கிறாள். பங்குனியில் அவளுக்கு நிச்சயம் செய்வதாக இருந்தோம். மலையில் ஒரு சுள்ளி முறிந்தால் ஃபாரஸ்ட் கார்டு வருகிறான் என்று உட்கார்ந்துவிடுவேன். பிறகு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியவில்லை. போகாமல் இருந்த வாரத்தில் இன்னும் பயமாக இருந்தது.

எப்போதும் என்னோடு வருகிறவன் மாயவன், செல்லியம்மாள் புருஷன். மான் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரன். தை மாதம் அவன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போய்விட்டான். அதனால் நான் தனியாகப் போனேன். கமலாவிடம் ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போய்வருவதாகச் சொன்னேன். நான் மலையில் இருப்பது ஒரு உயிருக்கும் தெரியாது. அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணி இருக்கும். ஓடைக்கு மேலே பனி இறங்கி, பத்து எட்டுக்கு மேல் தெரியவில்லை. பனியில் குறி வைக்க முடியாது என்பதால் அன்று பால்ரஸ் கெட்டித்திருந்தேன். எதிர்ச்சரிவில் செடி அசைந்தது. காவி நிறமாக ஒன்று குனிந்து நிமிர்ந்தது. சுட்டுவிட்டேன்.

மான் ஆளைப் போலக் கத்தாது ஐயா. இது கத்தியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். செல்லியம்மாள் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மல்லாந்து கிடந்தாள். தொடையிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பீறிடவில்லை, ஊறி வந்தது. அவளுக்கு முன்னால் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு, ராஜாங்கம் அண்ணனா?" என்றாள்.

அவள் என் பெயரைச் சொல்லிவிட்டாள். வேறு யார் பெயரையாவது சொல்லியிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

"மானுன்னு நெனச்சிட்டேம்மா" என்றேன்.

"தெரியாமத்தானே சுட்டீங்க. காலுதான். உசுருக்கு ஒண்ணும் இல்லீங்க. கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணா."

ஓடையிலிருந்து கையில் அள்ளி வந்து கொடுத்தேன். என் துண்டை எடுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் கொஞ்சம் நின்றது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுத்தேன், கட்டுப் போட்டேன்.

அவள் கீழ்ப்பக்கம் பார்த்து வாயைக் குவித்துக் கூவப் போனாள். கீழ்ச்சரிவில் துடைப்பப்புல் அறுக்கும் ஆட்கள் இருந்தார்கள். நான் அவள் தோளைத் தொட்டு, "சத்தம் போடாதம்மா, ரத்தம் ஜாஸ்தி போயிடும்" என்றேன். கேட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தே என் பயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க. பாறை மேல வுழுந்து குச்சி குத்திக்கினுச்சின்னு சொல்லிக்கிறேன். நீங்க ஏன் இப்படி நடுங்கறீங்க? உங்க வூட்டுல நான் எத்தினி நாளு சோறு துன்னிருக்கேன்."

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்றால் அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் நான் யோசித்தேன் ஐயா. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் டாக்டர் தொடையிலிருந்து பால்ரஸை எடுப்பார். குச்சி குத்தினால் பால்ரஸ் வருமா என்று கேட்பார். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டு. அவள் சொல்லாவிட்டாலும் மாயவன் விடமாட்டான். கமலா முகம், மகள் முகம், கந்தசாமி வீட்டு வாசல் எல்லாம் வந்து நின்றன. ஓடைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அப்போது அவளேதான் சொன்னாள்.

"வெத்து வேட்டு ஒண்ணு போடுங்கண்ணா. மருந்து மட்டும் போட்டுச் சுட்டா போதும். அப்புறம் ரெண்டு பேரும் கூவலாம். கீழ கீறவங்க ஓடியாருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள நீங்க அந்தாண்ட போயிடுங்க."

சரி என்றேன்.

முதலில் குழாயைத் துடைக்க வேண்டும். உள்ளே பொறி மிச்சமிருந்தால் போடுகிற மருந்து கைமேலேயே வெடித்துவிடும். துடைத்தேன். மருந்தை அளந்து போட்டேன். பாதி கீழே சிந்தியது, மறுபடி அளந்தேன். தேங்காய் நார் தேடினால் பை பனியில் நனைந்து நார் ஊறிக் கிடந்தது. நான் முழிப்பதைப் பார்த்து அவள் தன் முந்தானையை நீட்டினாள்.

"இத்த கிழிச்சிக்குங்கண்ணா. பழசுதான்."

கிழித்தேன். இரண்டு துண்டாகக் கிழித்தேன். எதற்கு இரண்டு என்று அவள் கேட்கவில்லை. ஒரு துண்டைச் சுருட்டி மருந்தின் மேல் வைத்து இடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். கூடையில் கிழங்கு இருக்கிறது, வெயில் ஏறினால் வாடிப்போகும், வருகிறவர்களில் யாரையாவது வீட்டில் கொண்டுபோய்ப் போடச் சொல்ல வேண்டும் என்றாள். நான் "சொல்றேம்மா" என்றேன்.

பிறகு பாறைக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குண்டு எடுத்தேன்.

நான் எழுந்து நின்றபோது அவள் கண்ணைத் திறந்தாள். துப்பாக்கி வானத்தைப் பார்க்கும் என்று நினைத்திருப்பாள். "மெதுவாங்கண்ணா, காது அடைக்கும்" என்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மூன்று முழத் தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தில் குறி தப்பாது.

அவள் கூவவே இல்லை.

கீழ்ச்சரிவில் இருந்தவர்கள் இரண்டு வெடி கேட்டதாகவும், நடுவில் இரண்டு பீடி பிடிக்கிற நேரம் இருந்ததாகவும் சொன்னதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வேட்டைக்காரன் வெடி என்று அவர்கள் வந்து பார்க்கவில்லை. அவர்களுக்கும் பயம்தான்.

என் துண்டை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஓடையில் அலசினேன். வீட்டுக்கு வந்ததும் கமலா கோயில் திருநீறு எங்கே என்று கேட்டாள். கூட்டத்தில் கொட்டிவிட்டது என்றேன்.

மூன்றாம் நாள் அவளைக் கண்டெடுத்தார்கள். சேதி வந்ததும் நானும் மேலே போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பயம். தூளி கட்டித் தூக்கியபோது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். நீங்கள் மாயவனைப் பிடித்தீர்கள். அவன் வீட்டுக் கூரைக்குள் நாட்டுத் துப்பாக்கி கிடைத்தது. அன்றைக்கு அவன் காய்ச்சல் என்று கரும்பு வெட்டப் போகாமல் ஆலைப் பக்கத்துக் குடிசையில் தனியாகப் படுத்திருந்தான், சாட்சி சொல்ல ஆளில்லை. பதினொரு நாள் உள்ளே இருந்தான். நான் இரண்டு முறை சோறு கொண்டுவந்து கொடுத்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அண்ணா, நான் ஏண்ணா அவளெ சுடப்போறேன், நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இன்னா செய்யறது மாயவா, பொறுமையா இரு" என்றேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் அழுததால் இல்லை. டாக்டர் நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்ததை நீங்கள் மேஜைமேல் காகிதத்தில் வைத்திருந்தீர்கள். சோற்றுத் தூக்கோடு நிற்கும்போதே பார்த்துவிட்டேன். நசுங்கியிருந்தாலும் நான் ஊற்றியது எனக்குத் தெரியாதா? அதோடு சேலைத் துணி ஒரு துண்டும் இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பையில் பால்ரஸ் இன்னும் ஆறு இருந்தது, அது கையில் முதலில் தட்டுப்பட்டிருக்குமே, அதை விட்டுவிட்டு ஈயத்தை ஏன் தேடி எடுத்தாய் என்கிறீர்கள். அவள் வதைபடக் கூடாது, ஒரே குண்டில் போய்விட வேண்டும் என்று எடுத்தேன் என நேற்று சொன்னேன். மூன்று முழத் தூரத்தில் எது போட்டாலும் ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னீர்கள். துப்பாக்கி தெரிந்தவர் நீங்கள். சரிதான்.

பால்ரஸ் எடுத்தேன் ஐயா. முதலில் அதைத்தான் எடுத்தேன். குழாய் வாயருகே கொண்டுபோனபோது விரலிடுக்கில் இரண்டு மோதி லேசாகச் சத்தம் கேட்டது. கண்ணை மூடியிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். அவள் மாயவன் பெண்டாட்டி. இரும்புக் குழாய்க்குள் பால்ரஸ் உருண்டு இறங்குகிற சத்தம் அவளுக்குத் தெரியும். வெற்று வேட்டுக்குக் குண்டு எதற்கு என்று அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிடும். அவற்றைத் திரும்பப் பையில் போட்டேன். ஈயக் குண்டை அந்த இரண்டாவது துணித் துண்டில் சுற்றினேன். துணி சுற்றிய குண்டு சத்தமில்லாமல் இறங்கும். கம்பியால் மெதுவாக அழுத்திவிட்டேன். அவள் மறுபடி கிழங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அதற்காகத்தான் ஈயம். பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் ஐயா, அதை இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.