கண்ணாடிக் குடிலில் வெள்ளை ஈ

டாஸ்மேனியாவில் தக்காளி வளர்க்கப் பொறுமை வேண்டும். குளிர் போய்விட்டது என்று நம்பி நாற்றை நட்டால், மறுநாளே உறைபனி விழும்.

எங்கள் தெருவில் யார் செடியில் எந்தப் பூச்சி தென்பட்டாலும் இலையைக் கிள்ளி என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அசுவினியா, இலைப்பேனா, செஞ்சிலந்தியா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்வேன். என் மனைவி பெரில் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அப்படியே அவளும் கற்றுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்கு ஹெண்ட்ரிக் குடிவந்தான். டச்சுக்காரன், மனைவியை இழந்தவன், ஆஸ்துமா உள்ளவன். வந்ததும் குளிர் தாக்காமல் செடி வளர்க்கக் கண்ணாடிக் குடில் ஒன்று கட்டினான். எங்கள் செடி பூக்கும் முன்பே வேலிக்கு மேலாகப் பழம் நீட்டினான். பெரில் அங்கேயே நின்று கடித்தாள். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.

"கீத், இதுக்குப் பேர்தான் தக்காளி," என்றாள். "உன்னோடதை எந்த வருஷமும் வாயில வைக்க முடிஞ்சதில்ல."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் இலையோடு வந்தான்.

"இது என்னன்னு பாருப்பா. வெள்ளை ஈதான், சோப்புத் தண்ணி அடிச்சாப் போதும்னு பெரில் சொன்னா."

"பெரில் எங்க பார்த்தா?"

"குடிலுக்குள்ளதான். தினமும் காலையில வந்துட்டுப் போவாளே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியை எடுத்தேன். வெள்ளை ஈதான். பெரில் சொன்னது சரி.

"அவளுக்கு என்ன தெரியும்? இது வேற வகை. சோப்புக்கெல்லாம் சாகாது."

கொட்டகையில் என் அப்பா காலத்துப் பூச்சிமருந்து ஒரு டின் கிடந்தது. அரசாங்கம் எப்போதோ தடை செய்துவிட்ட மருந்து. லேபிளைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தேன், அழுக்காக இருந்தது.

"கதவு, ஜன்னலெல்லாம் சாத்திட்டு அடி. இல்லேன்னா பறந்து போயிடும்."

"எனக்கு மூச்சுக்கு ஒண்ணும் பண்ணாதே?"

"வாடை கொஞ்சம் தூக்கலா இருக்கும். நடுவுல நிறுத்தாம அடிச்சு முடிச்சிடு."

நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அந்தக் குடில் தெரியும். கண்ணாடி மெல்ல மங்கியது. உள்ளே ஒரு கை கதவைத் தேடி அங்குமிங்கும் தடவியது. பிறகு கீழே சரிந்தது. நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். பெரில் கடையிலிருந்து வரும் நேரம்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், சார்ஜென்ட். செத்துப்போவான் என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் பொறாமையால் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அடக்கத்தன்று பெரில் அவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்று கைக்குட்டை கொடுத்தது நான்தான். பெற்ற தாய் இறந்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. அது ஏன் என்றுகூட நான் கேட்கவில்லை.