பிரேக்கின் மேல் ஒரு கால்

கருமத்தம்பட்டி பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பைக்கோடு ஒரு கணவனும் மனைவியும். கணவர், பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம், "ஏனுங்க, பின் சக்கரம் காய்ச்சக்காரன் நெத்தியாட்டம் சுடுதுங்க" என்றார்.

"மைலேஜ் எப்படிங்க?"

"அறுபது குடுத்துட்டு இருந்துச்சுங்க. இப்ப நாப்பதே வரமாட்டேங்குது. பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாத்திப்போட்டேன்."

மெக்கானிக் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். தடையில்லாமல் சுற்றியது.

"வண்டியில கோளாறு இல்லீங்க. பிரேக் மேல கால வெச்சுட்டே ஓட்டறீங்களோ?"

மனைவிதான் சொன்னாள்: "போன மாசம் நாய் குறுக்க வந்து விழுந்துபோட்டோமுங்க. எனக்குத் தலையில ஏழு தையல். அப்ப இருந்து இப்படித்தானுங்க."

"இவளப் பின்னால வெச்சுட்டுக் கால எடுக்க முடியலீங்க" என்றார் கணவர்.

"இப்படியே சூடாயிட்டிருந்தா, அவசரத்துக்கு பிரேக் புடிக்காதுங்க."

கணவரின் முகம் வெளுத்தது. மனைவி அவர் தோளைத் தொட்டாள். "கால எடுங்க. நான் கெட்டியாப் புடிச்சுக்கறேன்."

கிளம்பினார்கள். பங்க்கைத் தாண்டும்வரை பைக்கின் பிரேக் விளக்கு எரியவில்லை. ரோட்டில் ஏறியதும் சிவப்பாக எரிந்தது. கண்ணுக்கு எட்டியவரை அணையவே இல்லை.