மதாம்மா கிழங்கு தின்கிறாள்

1930களில், நெய்யூர்ப் பக்கத்தில் மிஷன் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் நாகர்கோவில் பஸ்ஸில் அவளுடைய சமையல்காரன் தன் மைத்துனனோடு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் இருந்ததை அவன் பார்க்கவில்லை.

“மதாம்மா மரச்சீனிக் கிழங்கு தின்னத் தொடங்கீட்டா. எனக்க சோலி போச்சு.”

“நல்லதுதானே மச்சான்? கிழங்கு அவிக்க என்ன பெரிய பாடா?”

“அதுக்குப் பட்லர் எதுக்குவே? முற்றம் பெருக்குறவ அவிச்சுக் குடுக்கா. நான் படிச்சது சூப்பும் ரொட்டியும் புட்டிங்கும்லா.”

“நீரு சும்மாவா இருந்தீரு?”

“சாளைமீன் கறியில மொளகா ரெட்டியா அரைச்சு ஊத்துனேன். பயந்துபோயி சூப்பு கேப்பான்னு பாத்தேன்.”

“கேட்டாளா?”

“கண்ணும் மூக்கும் ஒழுக, கையாலே பிசைஞ்சு தின்னா. தின்னுட்டு, ‘இன்னும் கொஞ்சம் ஊத்தும்’ங்கா.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி மைத்துனன் சிரித்தான்.

“சிரிக்காதவே. இந்த வயசுல என்னை எந்தப் பங்களாவுல எடுப்பான்?”

கையால் பிசைந்து சாப்பிட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பெருமையில் எனக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் பாடத்தின் நடுவே அம்மா என்னிடம் கேட்டாள்: “ஐயா, இனி எனக்குச் சமையல்காரர் தேவையில்லை. அவர் வருத்தப்படுவாரா?”

“மாட்டார், அம்மா” என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்தைத் திறந்தேன்.