சிவப்புப் பேனா அடித்த எட்டுப் பேர்

தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம். காலை ஒன்பதே கால். எண்ணத் தொடங்குகிறேன். அங்கே குத்திக் கிளம்பினால் பதினேழு எண்ணுவதற்குள் இங்கே விழும். மகன் ஜெறோமின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். ஆறு வயது. ஒரு செருப்பு கழன்றுவிட்டது. அதை எடுக்க வேண்டுமென்று அழுகிறான்.

மாதா கோயில் வாசலில் எங்கள் பங்குச் சுவாமி பிலிப்பு. இரண்டு கையாலும் அழைக்கிறார்.

"உள்ள வாங்கோ! கோயிலுக்கு அடிக்க மாட்டாங்கள்!"

நம்பினோம். கூரையில் பெரிய வெள்ளைச் சிலுவை வரைந்திருந்தோம்.

பதினாறு. பதினேழு.

"விழுந்து படுங்கோ!"

காது அடைத்துவிட்டது. ஓட்டுத் தூசி. எங்களுக்குப் பின்னால் ஓடிவந்த என் கணவர் மரியதாஸ் ஜெறோமின் மேல் கிடந்தார். இருவரும் அசையவில்லை. சுவாமி வாசலிலேயே கிடந்தார். கடைசி ஆள் நுழையும்வரை அவர் உள்ளே வரவில்லை. பீடத்துணியைக் கிழித்துக் கிழித்து எல்லாரையும் மூடினேன்.

அது வன்னியில். இப்போது கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறேன். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிப்பேன்.

போன நவம்பர், இறந்தவர்களுக்காக மன்றாடும் மாதம். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய குரு வந்தார். 'கோயிலுக்குள் ஷெல் விழுந்து இறந்த எட்டுப் பேருக்காக' என்று நான் எழுதிய வரியைப் பூசைக்கு முன்பே சிவப்புப் பேனாவால் அடித்தார். பிரசங்கத்திலும் சொன்னார்.

"அந்தக் கோயில்ல யாரும் சாகல. நாங்க விசாரிச்சாச்சு. வதந்திய ஜெபத்துல கலக்காதீங்க."

யாரிடம் விசாரித்தார்? முகாம் பத்து நிமிட நடை. என்னைக் கேட்கவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. பிலிப்பு சுவாமி போட்டதும் இதே அங்கிதான். எங்களை உள்ளே கூப்பிட்டதற்குப் பொறுப்பாக அவர் வாசலில் நின்றார். இவர் அவர் செத்ததையே இல்லை என்கிறார்.

மைக்கின் முன் போனேன். அடிக்காமல் விட்ட நாலு மன்றாட்டையும் வாசித்தேன். தாளை மடித்தேன்.

"மாதா கோயிலுக்குள் கொல்லப்பட்ட என் மகன் ஜெறோமுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

மக்கள் பதில் சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. குரு போதும் என்று கையைக் காட்டினார்.  என்னையறியாமல் எண்ணினேன். ஒன்பது. பத்து.

பக்கத்தில் பாட்டுக் குழுவில் நின்ற ஸ்டெல்லா, இந்த ஊர்க்காரி, மெதுவாகச் சொன்னாள்.

"நீ படிச்சுக்கினே இரு அக்கா. நாங்க சொல்றோம்."

பிறகு உரக்க: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

இரண்டாவது பெயருக்கு நாலைந்து குரல். மூன்றாவதற்குக் கோயில் முழுக்க. எட்டையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். 

அடுத்த வாரம் என்னை வாசிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும். வரும் நவம்பரில் மைக் இல்லாமல் சொல்வேன்.

நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். மரியதாஸ். ஜெறோம். பிலிப்பு சுவாமி. செபமாலை அண்ணர். அக்காவும் தங்கையுமான ரீட்டா, டெல்சி. பிலோமினா அக்கா. இன்னும் பெயர் வைக்காத அவள் குழந்தை.

எட்டுப் பேர். என் கையால் மூடியவர்கள் மட்டும்.